முப்பது அடித் தெருவில் மிச்சமிருக்கும் பதினெட்டு அடி

எங்கள் தெரு பத்திரத்தில் முப்பது அடி. சென்னை நங்கநல்லூரின் பழைய மனைப்பிரிவுகளில் பல தெருக்கள் இதே அகலம்தான். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. ஒரு இன்னோவா ஆறு அடி அகலம்; பக்கத்துக்கு ஒன்று என்றால் பன்னிரண்டு அடி அதிலேயே போச்சு. மிச்சம் பதினெட்டு. அதிலும் யாராவது ஒருவர் எப்போதும் மாடி எழுப்பிக்கொண்டிருப்பார், எனவே எம்-சாண்ட் குவியல் ஒன்று நிரந்தரமாக உண்டு. ஆள் மாறும், குவியல் மாறாது.

அந்தப் பதினெட்டு அடியில்தான் மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் தெருப் பிள்ளைகளின் கிரிக்கெட். ஸ்டம்பு, ஒரு கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. மாமி வீட்டு காம்பவுண்டுக்குள் நேராகப் போனால் அவுட். காரில் பட்டால் ரன் கிடையாது. ஒன் பிட்ச் கேட்ச் உண்டு. நாலு வயதுப் பொடியன் ஒருவன் ஒப்புக்குச் சப்பாணி; எத்தனை முறை நாற்காலி விழுந்தாலும் அவன் அவுட் இல்லை, அவனாகக் களைத்துப்போய் பேட்டைக் கீழே போட்டால்தான் உண்டு.

நான் ரசிப்பது கிரிக்கெட்டை அல்ல. அவர்கள் வண்டிகளைச் சமாளிக்கும் விதத்தை. முனையில் நிற்கிற ஃபீல்டருக்குப் பந்து வருவதே அபூர்வம். அவன் வேலை வேறு. தெருவுக்குள் ஏதாவது திரும்பினால் 'வண்டீ...' என்று இழுப்பான். பந்து பாதி வழியில் இருந்தாலும் ஆட்டம் நின்றுவிடும். அந்தப் பந்து கணக்கில் வராது என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. குரலை வைத்தே வருவது என்ன என்று தெரிந்துவிடுகிறது. பைக் என்றால் சும்மா ஓரம் ஒதுங்குவார்கள். கார் என்றால் நாற்காலி நகரும். தண்ணி லாரி என்றால் நாற்காலி, பேட், ஒப்புக்குச் சப்பாணி மூன்றையும் தூக்கிக்கொண்டு அருகில் இருக்கும் வீட்டுக் கேட்டுக்குள் போய்விடுவார்கள். இதை யாரும் சொல்லித்தரவில்லை. பெரிய பையன்கள் டென்த் போய் ஆட்டத்திலிருந்து கழன்றுகொள்ளும்போது அடுத்த செட்டுக்குக் கைமாறுகிறது, அவ்வளவுதான்.

'பசங்களுக்குப் பொறுப்பே இல்ல, ரோட்டுல விளையாடுதுங்க' என்று எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த முனை ஃபீல்டர்தான் நினைவுக்கு வருவான். பொறுப்பு அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் அமைத்துவைத்திருக்கும் ஏற்பாடு ஒரு குறிப்பிட்ட வேகம் வரைக்கும்தான் வேலை செய்யும். அந்த வேகத்தைத் தாண்டி வருகிறவர்கள் பிள்ளைகள் இல்லை, நாம்.

இது என் சொந்த ஆத்திரம் மட்டுமில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஒரு ஆய்வு செய்தார்கள். எதிரே வரும் வண்டியின் உருவம் கண்ணில் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத்தான் நாம் அது நெருங்குகிறது என்று உணர்கிறோம். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பார்வைத் திறன் இன்னும் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. மணிக்கு 20 மைல், அதாவது கிட்டத்தட்ட 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டி ஐந்து வினாடி தூரத்தில் இருக்கும்போது, அது நெருங்கி வருகிறது என்பதே அவர்களுக்கு நம்பகமாகத் தெரிவதில்லை. பார்த்தும் தெரியாது. 'ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போ' என்று நாம் எத்தனை தடவை சொன்னாலும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பார்த்ததில் வேகம் இருக்காது.

கணக்கு போட்டும் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடியில் எட்டு மீட்டர் ஓடிவிடும். குறுக்கே ஏதோ வருகிறது என்று உறைத்து, கால் பிரேக்குக்குப் போக அந்த ஒரு வினாடி ஆகும். அதற்கப்புறம் காய்ந்த ரோட்டில் ஐந்து மீட்டரில் நிற்கும். ஆக 13 மீட்டர். எங்கள் பக்கத்துப் பாஷையில் சொன்னால், நாற்பதடிக்கு அறுபதடி, அதாவது ஒரு கிரவுண்டு மனையின் முகப்பும் கூடக் கொஞ்சமும். அதே கார் 50-ல் வந்தால்? அந்த 13 மீட்டரைக் கடக்கும்போது டிரைவரின் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்காது. முழு 50 வேகத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போய், இன்னும் ஒரு வீட்டைக் கடந்துதான் நிற்கும். ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் இன்னொருவர் வேகமே குறையாமல் இருக்கிறார். 'கொஞ்சம் வேகமா வந்துட்டேன்' என்று சொல்வதில் இருக்கும் அந்தக் 'கொஞ்சம்' இவ்வளவு.

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023-ல் வேக வரம்புகளை மாற்றி அறிவித்தபோது கார்களுக்கு 60, பைக்குகளுக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. கூடவே குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30 என்றும் இருந்தது. அந்தக் கடைசி வரி எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. தெருமுனையில் பலகையும் இல்லை. ஆய்வும் சட்டமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன, எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

சரி, எங்கள் தெருவில் வேகமாக வருவது யார்? பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்களே இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பழவந்தாங்கல் சப்வே வழியாக மடிப்பாக்கத்துக்கோ வேளச்சேரிக்கோ போகிறவர்கள். மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் கூகுள் மேப் 'மூன்று நிமிடம் மிச்சம்' என்று உள்தெரு ஒன்றைக் காட்டும். அந்த மூன்று நிமிடத்துக்காக உள்ளே வந்தவருக்கு இது தெரு இல்லை, வழி. வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் பொடிசுகள் உண்டு என்று எதுவும் தெரியாது. பிறகு டெலிவரி பையன்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை. பத்து நிமிடத்தில் கொத்தமல்லிக் கட்டு வேண்டும் என்று கேட்டது நானும் நீங்களும்தான்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பெரிய பயம். பதினாலு, பதினைந்து வயதில் அம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போகும் நம் வீட்டுப் பையன்கள். 'மெயின் ரோட்டுக்கு விடறதில்ல மேடம், உள்ரோட்டுலதான் ஓட்டறான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். உள்ரோட்டில்தானே ஐயா என் பிள்ளை விளையாடுகிறது? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றமாகிப்போனால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நாலு பேர் கும்பிடு போட்டார்கள். மறுநாள் காலை அதே ஸ்கூட்டர், அதே பையன்.

வேகத்தடை போடலாமே என்பீர்கள். போட்டார்கள். யாரோ வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டில், யாரையும் கேட்காமல், ஒரு ராத்திரியில். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் வண்டி போகும் திசையில் அதன் அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். வழுவழுவென்று ஏறி இறங்கி, 25 வேகத்தில் போகிறவரை ஒன்றும் செய்யாது, 50-ல் வருகிறவரைத் தூக்கிப் போடும். எங்கள் ஆள் போட்டது ஒரு அடி அகலத்துக்கு ஒரு சுவர். பெயிண்டும் இல்லை. அதில் முதலில் விழுந்தது வேகமாக வந்தவர் இல்லை, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மெதுவாக ஓட்டிவந்த ஒரு பெரியவர். அதை இடித்துவிட்டு அப்புறம் ரப்பர் பட்டை அறைந்தார்கள். அது ஆறு மாதத்தில் பிய்ந்துபோய் போல்ட்டுகள் மட்டும் தாரிலிருந்து தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு அதுவும் சேர்ந்தது.

உண்மையைச் சொன்னால் எங்கள் தெரு பிள்ளைகளுக்குப் பத்திரமாக இருந்தது மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டு, ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில்தான். (குழியைச் சுற்றித் தடுப்பு இல்லாமல் விட்டிருந்தார்கள், அது தனிக் கதை, பிள்ளைகளே தென்னை மட்டை நட்டு வைத்தார்கள்.) ஒரு வண்டியும் பத்தைத் தாண்டாது. புதுத் தார் போட்ட வாரமே கார்கள் பறக்க ஆரம்பித்தன. நல்ல ரோடு கேட்டு மனுப் போட்டவர்களில் நானும் ஒருத்தி, அதனால் இதற்கு மேல் பேசவில்லை.

வேகத்துக்கு அடுத்தது நிற்கிற வண்டிகள். ஓடுகிற வண்டியைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை. வரிசையாகக் கார் நின்றால் இரண்டு காருக்கு நடுவிலிருந்து பிள்ளை வெளியே வரும்போது ஓட்டுகிறவருக்குத் தலைகூடத் தெரியாது. பிள்ளைக்கும் வண்டி தெரியாது. இப்போது வாங்குவதெல்லாம் உயரமான எஸ்யூவி. அதன் பானெட்டுக்கு முன்னால் என் ஒப்புக்குச் சப்பாணி நின்றால் சீட்டில் இருப்பவருக்கு அவன் இல்லவே இல்லை. ரிவர்ஸில் கேமரா இருக்கிறது என்பார்கள். கேமராவில் பின்னால் தெரியும், காருக்கு அடியில் தெரியாது. தெருக் கிரிக்கெட்டில் பந்து போய் உட்காரும் இடமே காருக்கு அடிதான். குப்புறப் படுத்து, பேட்டை நீட்டி, பந்தைத் தட்டி வெளியே எடுக்கும் பிள்ளையின் கால் மட்டும்தான் வெளியே இருக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் போன் பேசிக்கொண்டே வந்து ரிமோட்டை அமுக்கிக் காரில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகளிடம் இப்போது ஒரு சட்டம் உண்டு: அடியில் நுழைகிறவனுக்கு இன்னொருவன் காவல் நிற்க வேண்டும், டிரைவர் கதவுப் பக்கம். பெரியவர்களுக்கு நான் கேட்டது இவ்வளவுதான், ஏறுவதற்கு முன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று ஈ.பி. பில்லர் பாக்ஸ், தெருவோர மின் இணைப்புப் பெட்டி. எங்கள் தெருவில் இருப்பதற்குக் கதவு பூட்டாது. காற்றடித்தால் திறந்துகொண்டு உள்ளே கேபிள் எல்லாம் தெரியும். பந்து அதன் பின்னால் போகும். மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் சொன்னால் ஆள் வருகிறார், கம்பியால் கட்டிவிட்டுப் போகிறார். அடுத்த ஃபால்ட்டுக்கு வருகிறவர் கம்பியை அவிழ்த்துவிட்டு அப்படியே போகிறார். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் அந்தப் பக்கம் போகிற பந்தை எடுக்கக் கூடாது என்பது தெருச் சட்டம். பந்து போனால் போகட்டும்.

இத்தனை இருந்தும் பெரிதாக ஒன்றும் நடக்காமல் போய்க்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம், எங்கள் தெருவின் நடுவில் தள்ளுவண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணன். அவருக்குக் கை சட்டையில் இருக்கும், கண் தெருவில் இருக்கும். வேகமாக வருகிற பைக்கைப் பார்த்தால் 'தம்பீ, பசங்க இருக்காங்க' என்று ஒரு அதட்டல். தெரியாத ஆள் யாராவது பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் 'யார் சார் வேணும்?' என்று கேட்டுவிடுவார். முன்பு இந்த வேலையைத் திண்ணைகள் பார்த்தன. இப்போது கேட் எல்லாம் தகடு அடித்து ஆறடிக்கு மூடியாகிவிட்டது; உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியாது. பதிலுக்கு வீட்டுக்கு வீடு சிசிடிவி. கேமரா நடந்ததைக் காட்டும். 'தம்பீ' என்று கூப்பிடாது. இஸ்திரி வண்டி நடைபாதையை அடைக்கிறது, எடுக்கச் சொல்லுங்கள் என்று சங்கத்தில் ஒருமுறை தீர்மானம் வந்தபோது நான் கத்தியதை இன்னும் சிலர் மறக்கவில்லை.

பெண் பிள்ளைகள் கதை வேறு. லாக் அண்ட் கீ, நொண்டி, ஷட்டில் எல்லாவற்றிலும் பத்து வயது வரை இருப்பார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போவார்கள். ஒருத்தி பாட்டு கிளாஸ், ஒருத்தி அபாகஸ், ஒருத்தி 'பெரியவளாயிட்டா'. என் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. அவள் பௌலிங் போடுகிறாள். 'இன்னும் அனுப்பறியா?' என்று மாமி கேட்டார்கள். 'நன்னா போடறா மாமி, நீங்களே பாருங்கோ' என்றேன். பார்த்தார்கள். இப்போது மாமி நாற்காலி போட்டு வாசலில் உட்கார்கிறார்கள், நோ பால் எல்லாம் அவர்கள் தீர்ப்புதான்.

அப்பார்ட்மென்ட் பிள்ளைகள் ஏன் தெருவுக்கு வர வேண்டும், உள்ளேயே விளையாடலாமே என்று கேட்கிறார்கள். உள்ளே எங்கே? தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் திறந்தவெளி ஒதுக்கீடு என்று 10 சதவீதம் உண்டு, ஆனால் அது 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்குத்தான். பதின்மூன்று கிரவுண்டுக்கு மேல். எங்கள் பக்கம் ஒன்று, இரண்டு கிரவுண்டில் தனி வீட்டை இடித்து எட்டு ஃபிளாட் கட்டுகிறார்கள். அவர்கள் விளையாடவென்று ஒரு அடி மண்கூட விட வேண்டியதில்லை. கீழே ஸ்டில்ட் முழுக்கக் கார். தூணில் 'பந்து விளையாடக் கூடாது' என்று லேமினேட் செய்த நோட்டீஸ். எட்டு வீடு, பத்துக் கார், பிள்ளைகள் நிற்க இடமில்லை. அந்த எட்டு வீட்டுக் குழந்தைகளும் வந்து சேர்கிற ஒரே இடம் தெரு. அதே கட்டடத்துக்காரர்தான் பின்தெருப் பிள்ளைகள் விளையாட வந்தால் 'யார் வீட்டுப் பசங்க இது?' என்று வாட்ஸ்அப்பில் போட்டோ போடுகிறார். தெருவுக்குப் பட்டா வாங்கியது யார் என்று கேட்கத் தோன்றும்.

தெருவை ஒரு மணி நேரம் மூடுங்கள் என்று நான் முதலில் சொன்னபோது சிரித்தார்கள். 'பப்ளிக் ரோடும்மா, எப்படி அடைக்க முடியும்?' நம் ஊரில் தெருவை அடைப்பது என்ன அதிசயமா? ஆடி மாதம் கூழ் ஊற்றப் பந்தல் போடுகிறோம். கல்யாணத்துக்குச் சீர்வரிசை வேன் நிற்கிறது. ஒரு வீட்டில் சாவு என்றால் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குறுக்கே போட்டு, மேளத்தோடு முழுத் தெருவும் அடைபடும். வருகிற கார்க்காரர் ஒரு வார்த்தை பேசாமல் ரிவர்ஸ் எடுத்து வேறு தெரு வழியாகப் போகிறார். கட்சிக் கூட்டத்துக்கு மேடை போட்டால் அதுவும் அப்படித்தான். செத்தவருக்கும் சாமிக்கும் வட்டச் செயலாளருக்கும் கிடைக்கிற தெரு, உயிரோடு ஓடுகிற பிள்ளைகளுக்கு மட்டும் பப்ளிக் ரோடாகிவிடுகிறது.

வெளியே பார்த்தால், இதைச் சட்டமாகவே ஆக்கிய ஊர் உண்டு. நெதர்லாந்தில் 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். விபத்தில் மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதினார். அந்தத் தலைப்பே இயக்கமாகி, பெற்றோர்கள் பிள்ளைகளோடு தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் அப்போதே சில குடியிருப்புத் தெருக்களை மாற்றிப்பார்த்திருந்தார்கள்: நேர்கோட்டை வளைத்து, நடுவில் மரம் வைத்து, நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலிருந்த மேட்டை எடுத்துவிட்டு. 1976-ல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. அந்தத் தெருக்களில் வண்டி நடை வேகத்தில்தான் போக வேண்டும், பிள்ளைகள் தெருவின் முழு அகலத்திலும் விளையாடலாம். பிள்ளைகளுக்கு ஜாக்கிரதை சொல்லித்தந்து அவர்கள் ஜெயிக்கவில்லை, தெருவின் வடிவத்தை மாற்றினார்கள். சைக்கிள் தேசம், அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று நம்மாட்கள் சொல்வது சுத்தப் பொய். அவர்களும் எழுபதுகள் வரை நம்மைப்போலக் காருக்கு இடம் பண்ணித் தந்துகொண்டிருந்தவர்கள்தான்.

சென்னையிலும் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலும், பிறகு அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவிலும் ஞாயிறு காலைகளில் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். பாட்டு, டான்ஸ், ஸ்கேட்டிங் என்று நல்ல கூட்டம். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக வேண்டுமானால் கார் எடுக்க வேண்டும். வண்டியில்லாத தெருவில் விளையாட வண்டியில் போய், பார்க்கிங் தேடி, பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் பிட்சில் கொண்டுபோய் நிறுத்துவது என்ன கணக்கோ. எனக்கு வேண்டியது திருவிழா இல்லை. தினமும் ஒன்றரை மணி நேரம், என் வாசலில்.

அது பாதி கிடைத்திருக்கிறது. வார்டு கவுன்சிலரிடம் 30 கி.மீ. பலகையும் முறையான வேகத்தடையும் கேட்டு மனு கொடுத்தோம். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணிலும் பதிவு செய்தோம். பலகை 'சாங்ஷன் ஆயிடுச்சு' என்ற நிலையில் இருக்கிறது. தெருவை மூட எங்களுக்கு அதிகாரம் கிடையாது, மூடவும் இல்லை. ஆனால் மாலை ஐந்து முதல் ஆறரை வரை முனையில் இரண்டு பூந்தொட்டியைக் கொஞ்சம் உள்தள்ளி வைக்கிறோம். வண்டி தாராளமாகப் போகலாம், வேகமாகத் திரும்ப முடியாது. சப்வேயிலிருந்து வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்ததும் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் இரண்டு தொட்டி வாங்கித் தருவதாகப் பேச்சு.

கார்களை ஒரே பக்கமாக நிறுத்துவதுதான் கடைசிச் சிக்கல். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், இன்னோவா சாரைத் தவிர. பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். 'என் வீட்டு வாசல்ல என் கார் நிக்காம யார் கார் நிக்கும்?' என்று கேட்டார். பேத்தி ஊரிலிருந்து லீவுக்கு வந்து மூன்று நாள் முனை ஃபீல்டராக நின்ற பிறகு, ஐந்து மணிக்கு அவரே எடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்திவிடுகிறார். சனிக்கிழமை மட்டும் முடியாதாம், ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போக வண்டி வாசலில் தயாராக நிற்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பக்கம் ரன் இல்லை என்று பிள்ளைகள் சட்டம் போட்டுக்கொண்டுவிட்டார்கள்.